இர்மா பூசைக்குப் போன ஞாயிறுகள்

மாரெக் சாமியார் வந்த குளிர்காலத்தில் பங்கை, அதாவது தன் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களை, தெருவாரியாகப் பிரித்தார். அதுவரை அந்தச் சுரங்க நகரத்தில் ஜெர்மன்காரர்கள் ஒரு மூலையிலும் போலந்துக்காரர்கள் ஒரு மூலையிலுமாக அவரவர் மொழியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரகண்டா நிலக்கரி வட்டாரத்துக் கோவில்களில் எல்லாம் அதுதான் வழக்கம். இனிமேல் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் புதன்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூட வேண்டும், வரப்போகும் ஞாயிறின் நற்செய்தியை ருஷ்ய மொழியில் வாசிக்க வேண்டும், அது தன் மனதில் எங்கே தைத்தது என்று ஆளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார் சாமியார். ஒருத்தர் சொல்வதற்கு இன்னொருத்தர் பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அங்கே பேசியது வெளியே போகக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

பூசை முடிந்ததும் எந்தத் தெருவில் யார் யார் என்று அவர் பெயர்களைப் படித்தார். அதைக் கேட்ட ஆல்வினா நேராகப் பீடத்துக்குப் பின்னால் இருந்த சாமியாரின் அறைக்குள் போய் அவர் முன்னால் நின்றாள்.

"சாமி, என்னை வேற தெருவுல போடுங்க."

"ஏன் ஆல்வினா அம்மா? உங்க வீடு அங்கதானே இருக்கு?"

"என் புருஷனைக் கொண்டுபோனவளும் அங்கதான் இருக்கா. அவ எதிர்ல உக்காந்து நான் வேதம் வாசிக்கணுமா?"

சாமியாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. காது சிவந்துவிட்டது. "தெருவை நான் போடலையேம்மா. ஒருதடவை போய்ப் பாருங்க. முடியலைன்னா வாங்க, மாத்தித் தரேன்" என்றார்.

ஆல்வினா ரொட்டி ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபதைத் தாண்டியாயிற்று. அவளுக்கு நாற்பது வயதானபோது, சுரங்கத்தில் வேலை பார்த்த கணவன் எவால்ட் அவளை விட்டுவிட்டு, சுரங்கத்துக் கேண்டீனில் சூப் ஊற்றிக்கொண்டிருந்த இர்மாவோடு போய்விட்டான். போனவன் தூரமாகவும் போகவில்லை. அதே தெருவில், இரண்டு கட்டிடம் தள்ளி, மூன்றாம் மாடியில் குடியேறினான். இருபது வருஷமாக இர்மா எதிரில் வந்தால் ஆல்வினா சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள். பனிக்காலத்தில் அந்த மறுபக்கம் முழுக்கக் கண்ணாடி போல வழுக்கும். அதற்கும் அவள் அஞ்சியதில்லை.

கோவில் கணக்கில் எவால்ட் இன்னும் ஆல்வினாவின் கணவன்தான். பதிவு அலுவலகத்தில் நடந்த விவாகரத்து கோவிலுக்குச் செல்லாது. அதனால் பூசையில் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, இர்மா வாங்க முடியாது. பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவாள். எல்லோரும் வரிசையில் போகும்போது குனிந்து கையுறையைத் திருகிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கும்போது ஆல்வினாவுக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியை, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அவள் சொன்னதில்லை.

முதல் இரண்டு கூட்டங்களுக்கு இர்மா வரவில்லை. அதனால் ஆல்வினா போனாள். கசிமிர் வீட்டில் ஒருதடவை, லியூபா வீட்டில் ஒருதடவை. கசிமிர் பழைய பேருந்து ஓட்டுநர், மனைவியை இழந்தவர், சட்டமெல்லாம் மதிக்காமல் பேசுகிறவர். லியூபா கொரியக் குடும்பத்துப் பெண், நர்ஸ், ஞானஸ்நானம் வாங்கி நாலைந்து வருஷம்தான் ஆகிறது. அவளைத்தான் சாமியார் கூட்டத்தை நடத்தச் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்த வாரம் இர்மா அக்கா வீட்டுல."

"நான் வரல."

"எவால்ட் அண்ணனுக்கு நுரையீரல் முழுக்கக் கரி. ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்கார். அவரை விட்டுட்டு அவங்களால எங்கயும் நகர முடியல. அதான் நாம அங்க போறோம்."

எவால்டுக்கு உடம்பு சரியில்லை என்று ஆல்வினாவுக்குத் தெரியும். இந்த அளவுக்கு என்று தெரியாது. புதன்கிழமை முழுக்க அவள் போகப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஒரு கேக் சுட்டாள், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்து, அவள் அம்மா வீட்டுப் பக்குவத்தில். சாயங்காலம் கசிமிர் வந்து கதவைத் தட்டினார்.

"கேக் வாசனை மாடிப்படி வரைக்கும் வருது. யாருக்கு?"

"எனக்கு."

"ஒத்தை ஆளா இவ்வளவு தின்னா இடுப்பு தாங்குமா? எடுத்துக்கிட்டு வா. பனி கொட்டுது, என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்."

இர்மாவின் வீடு ஆல்வினா நினைத்திருந்ததைவிடச் சின்னது. வரவேற்பறையில் நாலு நாற்காலி, நடுவில் மெழுகுவர்த்தி. உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு இயந்திரம் கொர் கொர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "கதவைச் சாத்த வேணாம்னு சொல்றார். கேக்கணுமாம்" என்றாள் இர்மா, யாரையும் பார்க்காமல். ஆல்வினா உள்ளறை கண்ணில் படாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

தவக்காலம் அது. அந்த வாரத்து நற்செய்தி, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணைச் சந்திக்கும் கதை. ஆளுக்குக் கொஞ்சமாகப் புத்தகத்தைக் கைமாற்றி வாசித்துக்கொண்டு வந்தார்கள். ஆல்வினாவின் முறை வந்தபோது அவள் கண் அடுத்த வரிக்குப் போனது. உனக்கு ஐந்து கணவர்கள் இருந்தார்கள், இப்போது உன்னோடு இருப்பவன் உன் கணவன் இல்லை என்று இயேசு அந்தப் பெண்ணிடம் சொல்கிற இடம்.

இருபது வருஷமாக அவள் இர்மாவின் முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தைதான் அது. இதோ, இர்மாவின் வீட்டிலேயே, வேதத்தின் பெயரால் சொல்லலாம். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆல்வினா வரியில் விரலை வைத்தபடி நிறுத்திவிட்டாள். கசிமிர் கூரையைப் பார்த்தார். லியூபாவின் முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் வேலை அவசரத்தில் வாசகத்தை முன்கூட்டியே பார்க்க மறந்திருந்தாள் பாவம்.

இர்மா கையை நீட்டினாள். "கொடுங்க, நான் வாசிக்கிறேன்."

புத்தகத்தை வாங்கி அந்த வரியை வாசித்தாள். வேகமாக ஓட்டவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. மீதிக் கதையையும் அவளே வாசித்து முடித்தாள்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். பிறகு அவளே முதலில் பேசினாள்.

"அந்தப் பொம்பளை நடு மத்தியானத்துல தண்ணி எடுக்க வரா. காலைல வந்தா ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இருப்பாங்க. நானும் மத்தியானத்துலதான் கடைக்குப் போவேன், இருபது வருஷமா. அவளைப் பத்தி எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, இது மட்டும் தெரியும்." நிறுத்தினாள். "கிறிஸ்துமஸ்லேர்ந்து நான் பூசைக்குப் போகல. இவரைத் தனியா விட முடியாது. நன்மை வாங்காட்டியும் அங்க உக்காந்திருந்தா போதும்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. அவ்வளவுதான்."

அடுத்து ஆல்வினா. அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாதவர்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"நான் அந்த ஊர்ப் பொம்பளைங்கள்ல ஒருத்தி" என்றாள். "காலைலயே குடத்தைத் தூக்கிட்டு வந்து, இன்னிக்கு அவ வராளான்னு பாக்கறவ. எவால்ட் செத்தா நல்லா இருக்கும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். கோவில்லயே வேண்டிக்கிட்டேன். மெழுகுவர்த்தி கூட ஏத்தியிருக்கேன்."

உள்ளறையிலிருந்து இருமலோடு ஒரு குரல் வந்தது. "இன்னும் ஒண்ணு ஏத்து ஆல்வினா. பத்தல போல."

கசிமிர் சிரித்துவிட்டார். ஆல்வினா நாற்காலியிலேயே திரும்பினாள். திறந்திருந்த கதவைப் பார்த்துக் கத்தினாள்: "இங்க யாரும் பதில் சொல்லக் கூடாது. அதான் சட்டம்!"

"சரி சரி" என்றது குரல்.

கூட்டம் முடிந்து, டீ குடித்து, நடையில் எல்லோரும் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆல்வினா குனிந்து ஜிப்போடு போராடிக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துக்கு நான் வந்து இருக்கேன். நான் சனிக்கிழமை சாயங்காலமே பூசை பாத்துடுவேன். நீ போயிட்டு வா."

இர்மா காலியான கேக் தட்டை அவள் பக்கம் நீட்டினாள்.

"உனக்காக ஒண்ணும் இல்ல" என்று சேர்த்துக்கொண்டாள் ஆல்வினா. பிறகு யாருக்காக என்று வீடு வரைக்கும் யோசித்தாள்.

முதல் ஞாயிறு அவள் சமையலறையிலேயே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தாள். அது யார் வீட்டுக் கிழங்கு, எதற்கு என்றெல்லாம் யோசிக்கவில்லை. கைக்கு வேலை வேண்டியிருந்தது. எவால்ட் தண்ணீர் கேட்டபோதுதான் உள்ளே போனாள். மலை மாதிரி இருந்த மனிதன். தலையணையில் இப்போது பெரிதாகத் தெரிந்தது மூக்கு மட்டும்தான். கண்ணோரத்தில் சுரங்கத்துக் கரி மைபோல நிரந்தரமாகத் தங்கியிருந்தது.

"கிழவி ஆயிட்ட" என்றான்.

"நீ பொணம் ஆயிட்ட" என்றாள்.

அவன் சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். பழைய முதுகுதான். எலும்புதான் கைக்குப் புதிதாக இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் பேச்சு கொஞ்சம் கூடியது. பெரிதாக ஒன்றுமில்லை. யார் செத்தார்கள், யார் ஜெர்மனிக்குப் போனார்கள், ரொட்டி ஆலையை மூடிவிட்டார்களாமே என்று. அவன் மன்னிப்புக் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "எல்ஸா பேசுறாளா?" என்று கேட்டான். எல்ஸா அவர்களுடைய மகள். ஜெர்மனியில், ஹனோவரில் இருக்கிறாள். அப்பா என்ற சொல்லை அவள் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. அப்படி அவளை வளர்த்தது ஆல்வினாதான்.

ஆல்வினா கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "யாரு பேசறதுன்னு கேக்காத, கட் பண்ணாத" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் காதில் வைத்தாள். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கைப்பேசி அவன் மார்பின் மேல் கிடந்தது. அவன் கண்ணோரத்துக் கரி ஈரமாகப் பளபளத்தது.

பூசையிலிருந்து வரும் இர்மா ஒவ்வொரு தடவையும் நடையிலேயே நின்று, "ஏதாவது கேட்டாரா? சாப்பிட்டாரா?" என்பாள். ஆல்வினா ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். நட்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. ஆனாலும் தெருவில் எதிரே வந்தால் ஆல்வினா இப்போது சாலையைக் கடப்பதில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் சாமியார் வந்து எவால்டுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நோயாளிகளுக்குப் பூசும் மந்திரித்த எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். ஈஸ்டர் கழிந்தது. பனி உருகித் தெருவெல்லாம் கரிச்சேறு. ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு, இர்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது எவால்ட் தூங்கிக்கொண்டிருந்தான். "ராத்திரி நல்லாத் தூங்கினார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மூச்சு மாறியது. ஆல்வினா லியூபாவைக் கூப்பிட்டாள். லியூபாவும் பூசையில் இருந்தாள், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். எவால்ட் கண்ணைத் திறந்தான். அவளைத் தாண்டி எங்கோ பார்த்தான்.

"இர்மா" என்றான். "ஜன்னலைத் திற, இர்மா."

ஆல்வினா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். ஈரக் காற்று உள்ளே வந்தது.

"எங்க போன?"

நான் இர்மா இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, போனது.

"இங்கதான் இருக்கேன்" என்றாள்.

அவன் கையைத் துழாவினான். அவள் தன் கையைக் கொடுத்தாள். அவன் அதை இறுகப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிப் பிடித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்களும் இர்மாவும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் மாடியேறி வந்தார்கள். இர்மா வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள், கட்டிலோரம் இருந்த ஆல்வினாவைப் பார்த்தாள், அவன் கை கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"இருபது வருஷம் நான் பாத்தேன்" என்றாள், மிக மெதுவாக. "ஒரு ராத்திரி விடாம. கடைசில நீங்க எடுத்துக்கிட்டீங்க."

ஆல்வினா வாயைத் திறந்தாள். ஆம்புலன்ஸ்காரன் ஏதோ கேட்டான். பேச முடியாமல் போயிற்று.

அடக்கத்தன்று இர்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. நூடுல்ஸ் சூப்பும் கேக்குமாக நடந்த சாவு விருந்தில் ஆல்வினா ஓரமாக உட்கார்ந்து, ஒரு வாய்கூட இறங்காமல் எழுந்து வந்தாள். புதன்கிழமைக் கூட்டங்களுக்கு இர்மா வருவதை நிறுத்திவிட்டாள்.

உள்ளது உள்ளபடி போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று ஆல்வினா தினமும் நினைத்தாள். ஆனால் சொல்வதென்றால் அவள் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தனை ஞாயிறு வந்து உட்கார்ந்திருந்தும், கடைசியில் அவன் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. அந்தக் கைப்பிடி அவளுக்கு வந்ததல்ல. யாருக்கும் சொல்லாமல் இருந்தால் பாதியாவது தன்னுடையது என்று வைத்துக்கொள்ளலாம். சில ராத்திரிகளில் அப்படி வைத்தும் பார்த்தாள்.

ஒருநாள் ரொட்டிக் கடையில் கசிமிர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து ஒரு பொணத்தை இப்படிப் பங்கு போடறீங்களே. அவன் என்ன அவ்வளவு அழகனா?"

"வாயை மூடுங்க அண்ணே."

"மூடறேன். வர்ற புதன் என் வீட்டுல. அவளை நான் இழுத்துட்டு வரேன். நீ அந்தக் கேக்கைச் சுட்டுட்டு வா. மத்ததெல்லாம் உங்க பாடு."

எப்படி இழுத்து வந்தாரோ, இர்மா வந்திருந்தாள். கறுப்புத் துணியில் இன்னும் சிறுத்துத் தெரிந்தாள். திராட்சைக் கொடியும் கிளைகளும் பற்றிய வாசகம். லியூபா ஏதோ சொன்னாள், கசிமிர் ஏதோ சொன்னார், யார் மனதும் அதில் இல்லை. ஆல்வினாவின் முறை வந்தது.

"கொடியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தோணல" என்றாள். "எவால்ட் சாகும்போது என்னைக் கூப்பிடல. இர்மான்னுதான் கூப்பிட்டான். எங்க போனன்னு கேட்டான். நான் இர்மா இல்லன்னு சொல்லல. இங்கதான் இருக்கேன்னு சொன்னேன். அவன் பிடிச்சது என் கையை இல்ல. நான் கையைக் கொடுத்தேன், அவ்வளவுதான்." மடியைப் பார்த்துக்கொண்டே முடித்தாள்: "இத்தனை நாள் சொல்லல. எனக்குன்னு கொஞ்சம் வச்சுக்கலாம்னு பாத்தேன்."

இர்மா எழுந்து, மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். படிகளில் அவள் காலடிச் சத்தம் இறங்கிப் போவது எல்லோருக்கும் கேட்டது. கசிமிர் அன்று ஒரு கேலியும் பேசவில்லை.

மறுநாள் காலை ஆல்வினாவின் கதவு தட்டப்பட்டது. இர்மா நின்றிருந்தாள். இந்த வீட்டு வாசலை அவள் மிதிப்பது இதுதான் முதல்தடவை. உள்ளே வந்து, சமையலறை மேஜை முன்னால் மேலங்கியோடு உட்கார்ந்தாள்.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள். "முதல்லேர்ந்து."

ஆல்வினா சொன்னாள். மூச்சு மாறியது, கண் திறந்தது, பெயர் சொன்னது, ஜன்னல்.

"ஜன்னலைத் திறக்கச் சொன்னாரா? கோவமாவா?"

"கோவம் இல்ல. நீ அங்கதான் இருப்பன்னு தெரிஞ்சு கேக்கற மாதிரி."

இர்மா மேலங்கிப் பொத்தானைத் திருகினாள். "தினம் இதே கூத்துதான். திறன்னு சொல்வார். திறந்த உடனே குளிருது, மூடுன்னு திட்டுவார். குளிருதுன்னு சொன்னாரா?"

"இல்ல. அதுக்குள்ள..." ஆல்வினா நிறுத்தினாள்.

இர்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, நெடுநேரம் ஓயவில்லை. ஆல்வினா எழுந்துபோய் அவளைத் தொடவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்தாள். டீத்தூளைப் போட்டாள். பாலை எடுத்தாள்.

அழுகை ஓய்ந்தபின் இர்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "சாமியார் வந்திருந்தார். இனிமே நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நன்மை வாங்கலாமாம். தடை ஒண்ணும் இல்லையாம். எவ்வளவு ஏங்கியிருக்கேன் தெரியுமா? இப்ப அதை நினைச்சா, அவர் செத்ததுக்கு யாரோ எனக்குக் கூலி கொடுக்கிற மாதிரி இருக்கு. எப்படிப் போய் வாயைத் திறப்பேன்?"

ஆல்வினா அடுப்பை அணைத்தாள். பிறகு, "அவசரம் என்ன? தோணும்போது போ" என்றாள். டீயை ஊற்றி நகர்த்தி வைத்தாள். இர்மா மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தோன்ற அக்டோபர் ஆயிற்று. ஆல்வினா அதைப் பார்க்கவில்லை. அந்த வாரம் இடுப்புவலியில் படுத்திருந்தாள். கசிமிர்தான் பூசை முடிந்த கையோடு வந்து சொன்னார்: "வரிசைல எனக்கு முன்னாடி நின்னா. பயந்து நடுங்கிட்டே போனா. வாங்கிட்டு வந்து கடைசி பெஞ்சுல உக்காரல. வழி தவறிட்ட மாதிரி கொஞ்ச நேரம் நின்னுட்டு, லியூபா பக்கத்துல போய் உக்காந்தா."

"அழுதாளா?"

"நான் எதுக்குப் பாக்கறேன்? எனக்கே மூக்கு ஒழுகிட்டு இருந்தது, குளிருல."

சாயங்காலம் இர்மாவே வந்தாள். பூசையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, ஆல்வினாவும் கேட்கவில்லை. வந்தவள் அடுக்களையில் நுழைந்து பானையைத் தேடி எடுத்து, கேண்டீன்காரி கைப்பழக்கத்தில் பத்துப் பேருக்கு ஆகிற அளவுக்கு முட்டைக்கோஸ் சூப் வைத்தாள். "உப்பு பத்தல" என்றாள் படுக்கையிலிருந்தபடி ஆல்வினா. "உங்க கைல உப்பு தூக்கல்னு எனக்குத் தெரியும், அவர் சொல்லியிருக்கார்" என்றாள் இர்மா. இருந்தும் இன்னும் கொஞ்சம் போட்டாள்.